பேச்சோடு சேர்த்துத்தான் பாட்டு

திருட்டு சி.டி. எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் திமிர் ஏறும். ஏறட்டும். விழுப்புரத்தில் மைக்செட் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம் இப்படிச் சொல்லிக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றல் என்று எங்கே கூம்பு ஒலிபெருக்கி கட்டினாலும் அங்கே பாட்டு வேண்டும். அந்தக் காலத்தில் ஒரே டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான பாட்டை அடைத்துப் பேருந்து நிலையத்து நடைபாதையில் கூவிக் கூவி விற்றார்கள். எல்லா மைக்செட்காரர்களும் அதைத்தான் வாங்கினார்கள். நான் மட்டும் கடைக்குப் போய், உறை பிரிக்காத ஒரிஜினலாகப் பார்த்து வாங்கி வந்தேன். கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதும் ஆம்ப்ளிஃபையரைக் கவனிப்பதும் என் கணவரின் வேலை. பாட்டு வாங்குவதும், எந்த வீட்டு விசேஷத்துக்கு எந்தப் பாட்டு என்று எடுத்துக் கொடுப்பதும் கல்யாணமாகி வந்ததிலிருந்து என் வேலை. என் வேலையில் அவர் தலையிட்டால் எனக்குப் பிடிக்காது. அது அவருக்கும் தெரியும்.

இந்த வருடம் ஆனி மாதத்தில் எங்கள் சி.டி. பிளேயர் மூச்சை விட்டது. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை என்று மூடிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே பென்டிரைவ் சொருகும் புது ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்கு வந்தது. அதைத் துடைத்து மேசைமேல் வைத்த கையோடு என் கணவர், கட்டிலுக்கு அடியில் இருந்த சி.டி. பெட்டியைக் காலால் நெட்டிப் பார்த்தார்.

"ஏம்மே, இத்த காயலான் கடைல போட்டுடலாமா? எடத்த அடச்சிக்கினு கெடக்குது."

"போட்டுட்டு பாட்டுக்கு எங்க போவீங்க?"

"தம்பி கைல சொன்னா எல்லாத்தையும் ஒரு டிரைவ்ல ஏத்திக் குடுத்துடப் போறான். உலகத்துல இருக்கிற பாட்டு பூரா அவங்கிட்ட இருக்குது."

தம்பி என்றது என் கொழுந்தனாரை. திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் அங்கே உண்டு. அவர் பிழைப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் ஏற்றிக் கொடுக்கும் பாட்டை எங்கள் செட்டில் போடுவதில் எனக்குச் சண்டை உண்டு. இத்தனை வருடம் கடை கடையாக ஏறி இறங்கி ஒரிஜினல் வாங்கியது எதற்கு? கடைசியில் ஓசி டிரைவ் ஒன்றைச் சொருகிவிட்டு உட்காருவதற்கா?

"நம்ம டிஸ்க்கையே நான் ஏத்திக்கறேன். ஒண்ணொண்ணா" என்றேன்.

"அதுவும் காப்பிதானே. நீ எடுத்தா மட்டும் தீர்த்தமா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு விளையாட்டாக இல்லை. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து மனதுக்குள் ஒரு சட்டம் போட்டேன். நான் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பிளாஸ்டிக் தட்டை அல்ல, அதில் இருக்கும் பாட்டை. தட்டில் கீறல் விழுகிறது, பூஞ்சை படிகிறது. பாட்டு பாதியில் திக்குகிறது. தட்டு வீணாவதற்கு முன்னால் அதிலிருப்பதை எனக்கென்று வேறொன்றில் எடுத்து வைத்துக்கொண்டால் அது திருட்டில்லை. ஆனால் அடுத்தவர் கேட்டால் ஏற்றிக் கொடுக்கக் கூடாது. டிஸ்க்கை யாருக்காவது கொடுத்துவிட்டால் என்னிடம் இருக்கும் காப்பியையும் அழித்துவிட வேண்டும். ஒன்றை வாங்கி இரண்டு வீட்டில் வைத்துக்கொள்வது யோக்கியமில்லை. இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இதில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் சி.டி. போடும் வாய் இல்லை. தனியாக ஒரு சி.டி. டிரைவ் வாங்கி இணைக்க வேண்டும் என்றார்கள். விழுப்புரத்தில் கேட்ட கடைகளில் எல்லாம், இன்னுமா அதைத் தேடுகிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு பையில் சில டிஸ்க்குகளைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன், கொழுந்தனார் கடைக்கு.

அவர் பரணிலிருந்து தூசி படிந்த சி.டி. டிரைவ் ஒன்றை இறக்கி, துடைத்து, ஒரு டிஸ்க்கைப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தினி கஷ்டம் எதுக்குண்ணி? உங்க டிஸ்க்குல இருக்கிற அதே பாட்டுதான் என் டிரைவ்லயும் இருக்குது. ஒரே நிமிஷத்துல ஏத்திடலாம்."

"உங்க டிரைவ்ல இருக்கிறது நான் வாங்கினதில்லயே."

"பாட்டு ஒண்ணுதானே."

"நம்ம வூட்டுச் சாவிக்கு நாம டூப்ளிகேட் சாவி போடலாம் தம்பி. பக்கத்து வூட்டுச் சாவிக்குப் போட்டா அதுக்குப் பேரு வேற."

நல்ல பதில் கொடுத்துவிட்டதாக எனக்குள் ஒரே குஷி. அவர் என் பையிலிருந்து ஒரு டிஸ்க் உறையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்து ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எழுத்து வரிசை இருந்தது. அதைச் செல்போனில் படம் பிடித்து, விரல்களால் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார். வீட்டில் கேட்பதற்கு மட்டும் என்று இருந்தது. அனுமதியில்லாமல் பிரதி எடுக்கக் கூடாது என்று இருந்தது. அனுமதியில்லாமல் பொது இடங்களில் ஒலிபரப்பவும் கூடாது என்று அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"வூட்ல கேக்கவா அண்ணி வாங்குனீங்க? இது வாடகை வூடு. சாவி வேணா இன்னொண்ணு போட்டுக்கலாம். ஊரையே கூப்ட்டு உள்ள ஒக்கார வெக்கக் கூடாது."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கூம்பு கட்டிப் பாட்டுப் போடுவதுதான் எங்கள் தொழில். வீட்டில் உட்கார்ந்து நான் ஒரு சி.டி.கூடக் கேட்டதில்லை. உறை பிரிக்காத ஒரிஜினல் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவள், அந்த உறையை ஒருநாளும் படித்ததில்லை. கொழுந்தனார் டீ வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிரைவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி, அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்த வரியைக் காட்டினேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா நீ தொழிலையே நிறுத்திட்டு ஒக்காந்துக்குவ. பேஜாரு. சினிமாப் பாட்டுக்கெல்லாம் அனுமதி வாங்கறதுக்கு எதுனா ஆபீசு இருக்கும். யாரு போறது."

போக வேண்டியது நாம்தான் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றுவரை விசாரிக்கச் சொல்லி அவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அவரும் விசாரிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிஸ்க் போடும் பெரிய கம்பெனிகள் விஷயத்தில் யோக்கியம் பேச எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. அனுமதி வந்தால்தான் எனக்கு நிம்மதி.

அந்த வாரம் முழுக்க டிஸ்க்குகளை லேப்டாப்பில் ஏற்றினேன். ஒன்றைப் போட்டால் உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் வரிசையாகத் திரையில் வரும். வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாததன் மேல் இருக்கும் குறியை எடுத்துவிடலாம். அம்மன் பாட்டு டிஸ்க்குகளில் நான் ஒவ்வொன்றிலும் முதலாவதை எடுத்துவிட்டேன். ஏனென்றால் அது பாட்டல்ல, பேச்சு. நம் பக்கத்து ஊர்களில் பாடுகிறவர்கள் டிஸ்க் போட்டால், முதல் பாட்டுக்கு முன்னால் வணக்கம் சொல்லி, பாடியது யார், எந்த ஊர், எழுதியது யார், பம்பை அடித்தது யார் என்று பேசி வைத்திருப்பார்கள். மைக்செட் தொழிலில் யாரும் அதை ஓட விடுவதில்லை. டிஸ்க்கைப் போட்டதும் கை தானாகப் போய் அடுத்த பாட்டுக்கான பொத்தானை அழுத்திவிடும். கூழ் ஊற்றும் இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு ஓடினால் போதும், செட்டு ரிப்பேரோ என்று ஆள் எட்டிப் பார்ப்பார்கள். எப்படியும் தள்ளிவிடப் போகிற பேச்சை ஏற்றுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்படி ஏற்றிக்கொண்டு வரும்போது பச்சை உறை போட்ட ஒரு டிஸ்க் கைக்கு வந்தது. ஆடி பிறந்தால் எங்களிடம் எல்லா ஊரிலும் கேட்கும் டிஸ்க் அது. கண்டமங்கலம் பக்கத்து அம்மாள் ஒருவர் பாடியது. திண்டிவனத்தில் முன்பு இருந்த சின்ன ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தது. அதை நான் கடையில் வாங்கவில்லை. ஒரு கூழ் ஊற்றல் திருவிழாவில் நாங்கள் செட்டு கட்டியிருந்தபோது, அந்த அம்மாளே துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து விற்றார். நெஞ்சிலிருந்து ஏறி வரும் கனத்த குரல் அவருக்கு. அந்தப் பாட்டு ஓடினால் கூழ்ப்பானை தூக்குகிற பெண்களுக்கு நடையே மாறிவிடும்.

கம்பெனிக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இவர் ஊர் உறையிலேயே போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். இவரிடம் கேட்பதற்கு எனக்கு என்ன தடை? காப்பி எடுத்ததற்கும் ஊர் ஊராகப் போட்டதற்கும் இவரிடமாவது கேட்டுவிட்டுத்தான் இந்த ஆடிக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? போடுவதில்லை. அந்த ஒரு பாட்டுக்காகவே எங்களைக் கூப்பிடும் ஊர்கள் இருக்கின்றன. இருந்தாலும் போடுவதில்லை. கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உறையில் இருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ் ஏறி, கண்டமங்கலத்தில் இறங்கி, உள்ளே நடந்தேன். ஊர் முனைப் பெட்டிக்கடையில் உறையின் படத்தைக் காட்டி, இவங்க வீடு எது என்றேன். கடைக்காரப் பெண்மணி உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம கம்பெனிக்குப் போறவங்க. இவங்க எதுக்கு இதுல இருக்கிறாங்க?"

புதுச்சேரியில் ஏதோ கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறவராம். பாடுகிறவர் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயதுதான்.

"யாருங்க?" என்றார். தொண்டை கட்டியது போல ஒரு குரல். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"விழுப்புரத்துலேர்ந்து வர்றேங்க்கா. மைக்செட் வெச்சிருக்கோம். உங்க பாட்டு விஷயமா பேசணும்."

அவர் முகம் மூடிக்கொண்டது. "பாட்டெல்லாம் இப்ப இல்லங்க. தொண்டைல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இனிமே இதான் என் கொரலு. கோயிலுக்குப் பாடக் கூப்புட வந்திருந்தா வேற ஆளப் பாருங்க."

"கூப்புட வரலக்கா. உங்க டிஸ்க்க ஆடிக்கு ஆடி ஊர் ஊராப் போட்டுக்கினு இருக்கோம். அதுக்கு உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இத்தினி வருஷமா கேக்காமத்தானே போட்டீங்க."

"ஆமாங்க்கா. இப்பத்தான் புத்தி வந்துது. கேக்கறேன்."

அவர் நகர்ந்து உட்கார இடம் கொடுத்து, முறத்தை இருவருக்கும் நடுவில் தள்ளினார். நானும் உரிக்க ஆரம்பித்தேன். பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, உறைமேல் இருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"இந்த ஜாக்கெட் எங்க அக்காளுது" என்றார். "லூசா இருக்கும். பின்னாடி ஊக்கு போட்டு இழுத்து வெச்சிக்கினு நின்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் லேசாகச் சிரித்தார். காப்பி எடுத்ததைச் சொன்னேன். எங்களுக்கு மட்டும்தான், யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று என் சட்டத்தையும் சொன்னேன். அவர் அதில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை.

"எல்லாரும்தான் எடுக்கறாங்க. கம்பெனில கூட வேல செய்யிற பொண்ணு ஒண்ணு, அது போன் அடிச்சாலே என் பாட்டுதான். நான் பாடுனதுடின்னு சொன்னேன். சிரிச்சிட்டா. இந்தத் தொண்டையிலயான்னு கேட்டா. அவ மேல தப்பு சொல்ல முடியாது. போன ஆடிக்கு நம்ம ஊரு கோயில்லயே போட்டாங்க. புதுசா வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்க, யாருக்கா இது, சினிமால பாடுறவங்களான்னு எங்கிட்டயே கேக்குதுங்க. நான் இன்னா சொல்றது? பாடிக் காட்டவா முடியும்?"

தோலை ஊதித் தள்ளினார்.

"டிஸ்க்குல மொதல்ல நான் பேசியிருப்பேன். என் பேரு, என் ஊரு, பாட்டு கட்டுன எங்க மாமா, பம்பை அடிச்சவரு, எல்லாம் சொல்லியிருப்பேன். எனக்குன்னு இருக்கிற சாட்சி அது ஒண்ணுதான். அத்த வெட்டிப்புட்டாங்க. எவன் பென்டிரைவ்லயும் அது இல்ல. உங்களுதுல இருக்குதா?"

"டிஸ்க்குல இருக்குதுங்க்கா."

"டிஸ்க்குல இருக்கும். எனக்குத் தெரியாதா. நீங்க எடுத்து வெச்சிருக்கிறதுல?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ஏற்றியிருக்கலாம். அவர் சரிபார்க்கவா போகிறார். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வாயில் வரவில்லை.

"இல்லக்கா. பேச்சுன்னு விட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். "காப்பின்னா முழுசா எடுக்கணும் இல்லங்க?" என்றார். அவ்வளவுதான்.

காசு கொடுத்தேனா, ஒரிஜினலா, எனக்கு மட்டுமா என்று நான் போட்டுவைத்த சட்டம் முழுக்க என்னைப் பற்றியதாகவே இருந்தது. பாடினவர் அதில் எங்கேயுமே இல்லை. எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

அந்தப் பேச்சை அவர் எனக்கு அங்கேயே சொல்லிக் காட்டினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகாமல், அந்தக் கம்மிய குரலில், மல்லாட்டை உரித்துக்கொண்டே சொன்னார். பிறகு நிபந்தனை போட்டார்.

"போடுங்க. எந்த ஊர்ல வேணா போடுங்க. பேச்சோட சேத்துப் போடுங்க. அப்புறம் ஆடிக்கு ஆடி ஒரு பொடவ எடுத்துக் குடுங்க. சும்மா குடுத்தேன்னு சொல்லிக்கினு திரியாதீங்க. அப்புறம் எல்லாரும் சும்மாவே கேப்பாங்க."

"என்ன கலருக்கா?"

"பச்சை மட்டும் வேணாம். இந்த அட்டையப் பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஓரமாகப் போடாமல் லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை டிஸ்க்கைப் போட்டு முதலாவதை ஓட விட்டேன். வாசலில் உட்கார்ந்து அவர் சொன்ன அதே சொற்கள், அதே இடத்தில் மூச்சு வாங்கல். குரல் மட்டும் அந்தக் காலத்துக் குரல். இரண்டையும் ஒரே நாளில் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரர்களுக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

அழுது முடித்துவிட்டு, அம்மன் பாட்டில் ஏற்றியதையெல்லாம் அழித்தேன். அந்த டிஸ்க் அத்தனையையும் முதலிலிருந்து முழுசாக மறுபடியும் ஏற்றினேன். இத்தனை வருடம் நாங்கள் கேட்காமல் தள்ளிவிட்ட பேச்சையெல்லாம் அப்போதுதான் கேட்டேன். உடுக்கை அடித்தவர், கூடப் பாடிய தங்கை, பதிவுக்குப் பணம் போட்ட மாமன் என்று எத்தனை பேர் அந்தச் சின்ன நேரத்துக்குள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தன் ஆட்டோவில் எல்லாரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்த டிரைவருக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். கொழுந்தனாரின் டிரைவில் கண்டமங்கலத்து அக்காவின் பாட்டு இருக்கிறதா, பேச்சோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

"பாட்டு இருக்குதுண்ணி. பேச்செல்லாம் இல்ல. நீங்க அனுப்புனா சேத்துடறேன்."

அனுப்புவதா? யாருக்கும் ஏற்றிக் கொடுப்பதில்லை என்று சட்டம் போட்டவள் நான். ஆனால் அவர் கடையிலிருந்துதான் பாதி ஊருக்குப் பாட்டு போகிறது, பெயரில்லாமல். அந்த அக்கா கொடுத்திருந்த புது எண்ணுக்கு உடனே பேசினேன். முழுசாக ஏற்றுவதாக இருந்தால் கொடுங்கள், வெட்டினால் கொடுக்காதீர்கள் என்றார். கொழுந்தனாரிடம் அப்படியே சொன்னேன்.

"பக்கத்து வூட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போடக் கூடாதுன்னு அன்னிக்கு எங்கிட்ட கத சொன்னீங்களே அண்ணி?"

"வூட்டு சொந்தக்காரி சொன்னா குடுப்பேன் தம்பி. பேச்ச வெட்டிட்டு எவனுக்காவது ஏத்திக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன், கடைக்கே வந்து ஒக்காந்துக்குவேன்."

அவருக்கு என்னைத் தெரியும். வெட்ட மாட்டார்.

அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. எழுதிவிட்டால் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொண்டதாக ஆகிவிடும். அவர் அதைத் தன் சொந்தக் குரலில், அந்தக் குரல் இருந்தபோதே சொல்லி வைத்திருக்கிறார். அங்கேதான் கேட்க வேண்டும்.

ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமை காணைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் எங்கள் செட்டு. வருடா வருடம் எங்களைக் கூப்பிடுகிற ஊர்தான். காலையிலேயே பந்தலில் கேப்பைக் கூழ் கொதித்து இறங்கிவிட்டது. பெண்கள் வேப்பிலையும் பானையுமாகத் தெருக்கோடியிலிருந்து கிளம்பத் தயாராக நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தால்தான் நடை ஆரம்பிக்கும். என் கணவர் ஆம்ப்ளிஃபையரைத் திருகிவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாமே, இந்த ஒரு ஊரில் மட்டும் பேச்சை விட்டுவிடலாமே என்று அந்தப் பார்வை சொன்னது. நான் பென்டிரைவைச் சொருகினேன்.

கூம்பிலிருந்து அந்த அக்கா பேசத் தொடங்கினார். வணக்கம் சொன்னார்.

விழாக்குழுத் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வேகமாக வந்தார். வயதில் என்னைவிடப் பெரியவர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

"இன்னாம்மா இது, கூட்டத்துல பேசற மாதிரி. பாட்டப் போடுங்க ஜல்தி. பொம்பளைங்க பானையத் தூக்கிக்கினு நிக்கிறாங்க இல்ல."

"வரும் அண்ணே. இத்த முடிச்சிட்டுத்தான் பாட்டு."

"எப்பவும் நேரா பாட்டுதானே போடுவீங்க."

"இனிமே இப்படித்தான்."

அவர் என்னிடம் பேசிப் பயனில்லை என்று என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வேட்டியைச் சரிசெய்தபடி கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். தலைவர் தாமே ஆம்ப்ளிஃபையரிடம் வந்து, அடுத்த பாட்டுக்கான பொத்தானை நோக்கி விரலை நீட்டினார். நான் பொத்தான்கள் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டேன். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் முன்னால் அப்படிச் செய்வது மரியாதையில்லை என்று தெரியும். கையை எடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் வேற செட்டு பாத்துக்குவோம்மா" என்றார்.

"பாத்துக்கோங்கண்ணே. எங்ககிட்ட இந்தப் பாட்டு பேச்சோடதான் வரும்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததிலேயே பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. ஊர் பெயர் வந்தது. பானையோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "கண்டமங்கலமா, எங்க அம்மா ஊருக்குப் பக்கந்தான்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மாமாவின் பெயரும் பம்பைக்காரர் பெயரும் வந்து முடிந்தன. பிறகு பம்பை அதிர்ந்து, அந்தக் குரல் ஏறியது. பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். தலைவர் போகவில்லை. அங்கேயே நின்று, தலையைச் சாய்த்து, பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இத்தினி வருஷமா கேக்கறோம்" என்றார். "இவங்க நம்ம பக்கத்து ஆளா? நான் சினிமாக்காரங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா பேரு சொன்னாங்க? நீங்க பேசினதுல சரியா காதுல வுழல."

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பெயர். சொல்லவில்லை. பொத்தான்கள் மேலிருந்து கையை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன். நடந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறுபடியும் போடறேன்" என்றேன். "எல்லாரும் கேளுங்க."

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.